அமைச்சரின் நாற்காலியும் தொலைக்காட்சியின் காசோலையும்

நாடாளும் பொறுப்பில் அமர்ந்திருக்கும் ஓர் அமைச்சர், தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் தோன்றி, அதற்கென ஊதியமும் பெற்றுக்கொள்ளலாமா? இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. 2017-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் பஞ்சாப் மாநிலத்தில் எழுந்து, அரசின் தலைமை வழக்குரைஞரின் கருத்துரை வரை சென்ற வினா இது. அதற்கு அன்று கிடைத்த விடை சட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. நேர்மைக்குப் போதுமானதாக இருந்ததா என்பதையே இங்கே நாம் ஆராய விழைகின்றோம்.

நிகழ்ந்தது இதுதான். முன்னாள் கிரிக்கெட் வீரரும், அமிர்தசரசின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான நவ்ஜோத் சிங் சித்து, 2017 மார்ச் 16 அன்று கேப்டன் அமரிந்தர் சிங் தலைமையில் அமைந்த பஞ்சாப் அமைச்சரவையில் பதவியேற்றார். உள்ளாட்சி, சுற்றுலா, பண்பாடு ஆகிய துறைகள் அவரிடம் ஒப்படைக்கப்பெற்றன. அதற்கு முன்பிருந்தே அவர் மும்பையில் படமாக்கப்படும் கபில் சர்மாவின் நகைச்சுவை நிகழ்ச்சியில் நிலையான விருந்தினர். ஒரு நாற்காலியில் வீற்றிருந்து சிரிப்பதும், இடையிடையே கவிதை சொல்வதுமே அங்கே அவருடைய பணி. அமைச்சரான பின்னரும் அப்பணியைத் தொடர்வேன் என்று அவர் அறிவித்தார். வாரத்தில் ஓரிரவு மும்பை சென்று திரும்பிவிடுவேன், அரசுப் பணிக்கு அதனால் குந்தகம் இல்லை, லஞ்சத்தாலோ பதவியை வைத்து நடத்தும் வாணிபத்தாலோ பிழைப்பவன் அல்லன் நான், என் உழைப்பின் வருவாயை ஏன் விடவேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தை ஏளனமாக ஒதுக்கிவிடுதல் அறிவுடைமை ஆகாது. அமைச்சர்களாக இருந்துகொண்டு, உறவினர் பெயரில் பேருந்தும் மணற்குவாரியும் மதுக்கடையும் நடத்தியோர் பற்றிய பேச்சு எந்த மாநிலத்தில்தான் இல்லை? அவர்களோடு ஒப்பிட்டால், நாலுபேர் காணத் திரையில் அமர்ந்து, வரி பிடித்தம் போகக் காசோலையாக ஊதியம் வாங்குபவர் எவ்வளவோ மேல் என்று ஒருவர் கூறினால், அதில் உண்மை இல்லாமல் இல்லை.

முதலமைச்சர் அரசின் தலைமை வழக்குரைஞர் அதுல் நந்தாவிடம் கருத்துக் கேட்டார். அரசியலமைப்புச் சட்டத்திலோ, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலோ, அமைச்சர்களுக்கான நடத்தை நெறிகளிலோ இதற்குத் தடை ஏதும் இல்லை என்று அவர் கூறினார். சட்டப்படி அது சரியே. ஆதாயம் தரும் பதவி என்று அரசியலமைப்பின் 191-ஆம் பிரிவு விலக்குவது அரசின்கீழ் உள்ள பதவியை. தனியார் தொலைக்காட்சியின் நாற்காலி அதில் அடங்காது. இதற்கு முன்னரும், ஆந்திரத்தின் முதலமைச்சராக இருந்துகொண்டே என்.டி.ராமாராவ் திரைப்படத்தில் நடிக்கப் புகுந்தபோது அவ்வழக்கு ஆந்திர உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு வரை சென்றது. முதலமைச்சர் நடிப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்பதே அங்கும் கிடைத்த விடை.

நடத்தை நெறிகள் என்பவை மத்திய அரசு 1964-இல் வகுத்தவை. பதவியேற்றபின் எந்த வணிகத்தை நடத்துவதிலும் மேலாள்வதிலும் உள்ள தொடர்பை அமைச்சர் துண்டித்துக்கொள்ள வேண்டும், நெருங்கிய உறவினர் அல்லாதாரிடம் விலைமதிப்புள்ள அன்பளிப்பு வாங்கலாகாது என்பன போன்ற விதிகள் அவற்றில் உண்டு. வெளிநாட்டுப் பயணத்தில் கிடைக்கும் பரிசுப்பொருள் எந்த மதிப்புக்கு மேற்பட்டால் அரசுக் கருவூலமாகிய தோஷாகானாவுக்குச் செல்லவேண்டும் என்பதுகூட வகுக்கப்பட்டுள்ளது. தொலைக்காட்சி ஊதியம் பற்றி மட்டும் தனியே சொல் இல்லை. இருப்பதற்கும் வழியில்லை, அந்நெறிகள் எழுதப்பட்ட நாளில் இந்தியாவில் தொலைக்காட்சி தில்லியைத் தாண்டவே இல்லை! இன்னொரு குறையும் உண்டு. இந்நெறிகள் மீறப்பட்டனவா என்று பார்க்கவேண்டியவர் மத்திய அமைச்சருக்குப் பிரதமர், மாநில அமைச்சருக்கு முதலமைச்சர். தம் கட்சிக்கு வாக்குச் சேர்க்கும் புகழ்பெற்ற முகத்தைத் தலைவரே தண்டிப்பார் என்று எதிர்பார்ப்பது எளிதன்று.

சட்டம் வாய் மூடிய இடத்தில் அறநூல்கள் என்ன கூறுகின்றன? பதவியில் உள்ளோர் பொருள் பெறுவது குறித்து நம் ஃபிக்ஹு நூல்கள் நுணுக்கமாகப் பேசியிருக்கின்றன. மதரஸாவில் ஓதுங்காலத்தில், நீதிபதியாகிய காழியின் ஒழுக்கங்கள் என்ற பாடத்தை, இக்காலத்தில் எவர் காழியாகப் போகிறார் என்று எண்ணி விரைந்து கடந்துவிடுவோர் உண்டு. இன்றைய அமைச்சர்களுக்கு அதுவே முதற்பாடமாக வேண்டியது.

இப்னுல் லுத்பிய்யா என்பாரின் வரலாற்றைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட அவர் திரும்பி வந்து, ஒரு பகுதியை அரசுக்கு உரியதென்றும், மற்றொன்றைத் தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்ததென்றும் பிரித்துக் காட்டினார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி அதைக் கண்டித்தார்கள். அம்மனிதர் தம் பெற்றோர் வீட்டிலேயே இருந்திருந்தால் அவ்வன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் அவர்கள் கேட்ட கேள்வி, பதினான்கு நூற்றாண்டு கழிந்தும் தேயாத உரைகல்லாக நிற்கின்றது. பதவி இல்லாவிடினும் வந்திருக்குமா? ஆம் எனில் ஒரு வழக்கு. இல்லை எனில் வேறு வழக்கு.

இவ்வுரைகல்லை வைத்தே நம் இமாம்கள் விதி வகுத்தனர். பதவிக்கு முன்பே காழிக்கு அன்பளிப்பு வழங்கும் வழக்கம் உடையவர், அதே அளவில் தொடர்ந்து கொடுத்தால் பெறலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. முன்னிலும் மிகுதியாகக் கொடுத்தல் கூடாது. கொடுப்பவருக்கு அக்காழியின் முன் வழக்கு எதுவும் இருத்தலாகாது. வழக்கு இருக்குமானால், பழைய நண்பரேயானாலும் அவர் தரும் பழக்கூடையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதே.

இவ்விடத்தில் சித்துவின் ஆதரவாளர் குறுக்கிடலாம்: இது அன்பளிப்பு அன்று, கூலி. கூலி ஹலால் அல்லவா? நல்ல கேள்வி. இதற்கும் இமாம்கள் இடம் வைத்துள்ளனர். காழி தாமே கடைத்தெருவில் கொடுக்கல் வாங்கல் செய்வதை அவர்கள் விரும்பவில்லை. இன்னார் காழியின் ஆள் என்று ஊர் அறிந்த ஒருவரைத் தம் பிரதிநிதியாக வைப்பதையும் விரும்பவில்லை. காரணம் வெளிப்படை. காழிக்கு விற்பவன் விலையைக் குறைப்பான். காழியிடம் வாங்குபவன் விலையைக் கூட்டுவான். அந்த வித்தியாசம் வணிகத்தின் உடையணிந்த அன்பளிப்பு. அமைச்சராகிவிட்ட ஒருவர் திரையில் அமர்ந்தால் பார்ப்போர் தொகை கூடும், விளம்பர வருவாய் கூடும், அடுத்த ஒப்பந்தத்தில் ஊதியமும் கூடக்கூடும். கூடிய அந்தத் தொகை அவருடைய சிரிப்புக்கு விலையா, நாற்காலிக்கு விலையா என்று எந்தக் கணக்கரால் பிரித்துக் காட்ட முடியும்?

இவ்வுரைகல்லில் சித்துவின் வழக்கைத் தேய்த்துப் பார்ப்போம். முதற்கேள்வியில் அவர் தேறிவிடுகிறார். கபில் சர்மாவுடன் 2013 முதல் அவர் தோன்றிவந்தவர். பதவி இல்லாவிடினும் அவ்வருவாய் வந்திருக்கும். இதை ஒப்புக்கொள்ளாமல் அவரைப் பழிப்பது அநீதி. இரண்டாம் கேள்வியில்தான் சிக்கல். அவர் கையிலிருந்தது பண்பாட்டுத் துறை. மேலும், அதே 2017-இல் பஞ்சாபின் பெரிய கேபிள் நிறுவனமொன்று வரி ஏய்த்ததென்று குற்றஞ்சாட்டி அதன்மேல் நடவடிக்கை கோரியவரும் அவரே. அக்குற்றச்சாட்டு நியாயமானதாகவே இருக்கலாம். ஆயினும், அந்நிறுவனத்தின் கம்பி வழியே வீடுகளுக்குச் செல்லும் அலைவரிசையொன்றில் ஊதியம் பெறுபவர், கேபிள் தொழிலின் மீது தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தார். தொழிலின் ஒரு கரையில் கூலி, மறு கரையில் அதிகாரம். காழியின் முன் வழக்கு இருக்கும்போது என்ற நிபந்தனை இத்தகைய நிலைக்காகவே வைக்கப்பட்டது.

நம் கரிசல் பூமியின் சம்சாரிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. விளாத்திகுளத்து மிளகாயாயினும் கோவில்பட்டிப் பருத்தியாயினும் மண்டியில் தராசைப் பிடிப்பவர், வாங்க வந்த வியாபாரியோடு சேர்ந்து தேநீர் அருந்தினாலே அவர் முகம் மாறிவிடும். தேநீரின் விலை அவருக்குப் பொருட்டல்ல. எடைக்கல் எவர் பக்கம் என்பதே கேள்வி.

பின்னர் நடந்ததை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் துணை இராணுவத்தினர் மீது கொடிய தாக்குதல் நிகழ்ந்தது. அதையொட்டி அமைச்சர் சித்து கூறிய சில சொற்கள் நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பின. நிகழ்ச்சியைப் புறக்கணிப்போம் என்ற கூக்குரல் எழுந்த சில நாட்களிலேயே அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்துவிட்டார். அவர் கூறியது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஓர் அமைச்சரின் அரசியல் பேச்சுக்காக அவருடைய வருவாய் ஒன்றை ஒரு தனியார் நிறுவனம் நிறுத்திவிட முடிந்தது என்பதையே நாம் குறித்துக்கொள்ள வேண்டும். சித்து பேசினார், இழந்தார். அவ்விழப்புக்கு அஞ்சிப் பேசாமலிருக்கும் அமைச்சர் எவரேனும் இருப்பாரானால், அதை மக்கள் எவ்வாறு அறிவர்? பேசிய சொல் செய்தித்தாளில் வரும். விழுங்கிய சொல் எங்கும் அச்சாவதில்லை.

பதவியில் இருப்போரின் தனி வருவாய் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பாஞ்சாலங்குறிச்சி மண்ணைவிட அறிந்த மண் உண்டோ? கட்டபொம்மன் வரலாற்றில் ஜாக்சன் துரையை அறியாத பிள்ளை இவ்வட்டாரத்தில் இல்லை. கலெக்டர் ஜாக்சனுக்கு நம் பாளையங்களில் திறை கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்போர் குறைவு. ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்குச் சென்னையிலிருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தம் சொந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுத்து வந்தனர். பால் பென்ஃபீல்டு என்ற சிறிய உத்தியோகஸ்தர் இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் தமக்கு வரவேண்டும் என்று உரிமை கோரினார்! பகலில் கம்பெனியின் ஊழியர்; மற்ற நேரத்தில், கம்பெனி கட்டுப்படுத்த வேண்டிய நவாபுக்குக் கடன்காரர். அக்கோரிக்கையோடு பின்னிய சச்சரவில்தான் 1776-இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபுவையே அவருடைய மன்றத்தார் சிறைப்பிடித்தனர். அடுத்த ஆண்டு காவலிலேயே அவர் இறந்தார். கடனில் மூழ்கிய நவாப், 1792 உடன்படிக்கையின்படி நம் தென்பாண்டிப் பாளையங்களின் திறையை வசூலிக்கும் உரிமையைக் கம்பெனியிடம் விட்டார். 1798-இல் இராமநாதபுரத்தில் மோதல். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேற்றப்பட்டார். இத்தனைக்கும், கம்பெனி உத்தியோகஸ்தர் சுதேச மன்னர்களிடம் அன்பளிப்பு வாங்கலாகாது என்று 1773-லேயே ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. கொடிய வட்டியையும் நகைச்சுவை நிகழ்ச்சியின் ஊதியத்தையும் ஒரே தராசில் வைப்பதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். ஆள்பவருக்குச் சம்பளம் அன்றி மற்றொரு கரையிலிருந்தும் பொருள் வரும்போது, அவர் எடுக்கும் முடிவு எந்தக் கரைக்காக எடுக்கப்பட்டது என்று தெரியாமற் போய்விடுகிறது. அம்மட்டில் இரண்டும் ஒன்றே.

கலைஞர்களின் ஊதியத்தைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. கட்டபொம்மனாக 1959-இல் திரையில் தோன்றிய சிவாஜி கணேசன், தூக்கு மேடையாகிய கயத்தாற்று நிலத்தைத் தம் பணத்தில் வாங்கிச் சிலை எழுப்பினார். நடித்து ஈட்டிய பொருள்தான் அது. பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நாம் காணும் நினைவுக்கோட்டையை அரசு 1974-இல்தான் கட்டியது. நோன்பு மாதத்தில் சஹர் நேர நிகழ்ச்சிகளில் ஆலிம்கள் பேசுவதும், அவர்களிற் சிலர் சன்மானம் பெறுவதும் உண்டு. அவர்கள் கையில் அரசுக் கோப்பு இல்லை என்பதே வேற்றுமை. கமல்ஹாசன் ஒரு கட்சியின் தலைவராக இருந்துகொண்டே பல ஆண்டுகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியதையும் இவ்வாறே கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1977 தேர்தலில் வென்ற எம்.ஜி.ஆர்., ஒப்புக்கொண்டிருந்த படவேலையை முடித்துக் கொடுத்துவிட்டே அவ்வாண்டு ஜூன் 30 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றார். 2022 டிசம்பரில் அமைச்சரான உதயநிதி ஸ்டாலின், 'மாமன்னன்' படமே தம் இறுதிப்படம் என்று அறிவித்து நடிப்பை விட்டார். இவர்களுடைய அரசியலை ஏற்போரும் மறுப்போரும் வாசகர்களில் இருப்பர். இந்த ஒரு செயலில் எல்லை எங்கே என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் நம் மாநிலத்தார் மிகுதியாக மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. கட்சிகளே அலைவரிசைகளை வைத்திருக்கும் நாட்டில், அமைச்சருக்குத் தனியே ஊதியம் கொடுக்கவேண்டிய தேவைதான் என்ன?

அண்டை மாநிலமாகிய கேரளத்தின் செய்தி வேறு வகையினது. 2024 ஜூனில் மத்திய இணையமைச்சராகப் பொறுப்பேற்ற நடிகர் சுரேஷ் கோபி, அவ்வாண்டிலேயே படத்தில் நடிக்க அனுமதி கேட்டிருப்பதாகப் பேசினார். 2025 அக்டோபரில், அமைச்சரானபின் தம் வருவாய் பெரிதும் குறைந்துவிட்டது, மீண்டும் நடிக்கச் செல்ல விரும்புகிறேன், தம் இடத்தில் வேறொருவரை அமைச்சராக்கலாம் என்று மேடையிலேயே கூறினார். பலர் நகைத்தனர். எமக்கு அதில் நகைப்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டில் ஒன்றையே ஏந்த முடியும் என்று மறைக்காமல் சொன்ன பேச்சு அது.

வருவாய்க் குறைவு மெய்யான இடர்ப்பாடே. முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னும் துணிமூட்டையைத் தோளில் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள். குடும்பம் பிழைக்க வேண்டுமே! தோழர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து அளவான படி ஒன்றை அவர்களுக்கு ஏற்பாடு செய்தனர். இவ்வரலாற்றில் கலீஃபாவின் எளிமையை மட்டும் பயானில் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மக்களின் பங்கும் அதில் உண்டு. சந்தையை விட்டு வா என்று சொல்பவர், உண்பதற்கும் வழி செய்யவேண்டும். மாதம் ஒரு ரூபாய் சம்பளம் போதும் என்று 1991-இல் ஜெயலலிதா அறிவித்தபோது தமிழகம் கைதட்டியது. அந்த ஐந்தாண்டுகளைப் பற்றிய சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2017 பிப்ரவரி 14 அன்று என்ன கூறியது என்பதையும் தமிழகம் கேட்டது. ஆள்பவருக்குத் தக்க சம்பளம் கொடுத்து, அதுவே அவருடைய வருவாய் என்று வரையறுப்பதே மேல்.

ஊதியத்தை அறப்பணிக்குக் கொடுத்துவிட்டால் குற்றமில்லையே என்பாரும் உளர். பிரிட்டனின் அமைச்சர்களுக்கான நெறி நூல் இதை நன்கு சிந்தித்திருக்கிறது. பதவி சார்ந்த உரைக்கு அமைச்சர் ஊதியம் பெறலாகாது. அறக்கொடை செய்யும் எண்ணத்தோடும் பெறலாகாது. அழைத்த நிறுவனம் கொடுத்தே தீருவேன் என்றால், எந்த அறநிலையத்துக்கு என்பதை அந்நிறுவனமே தெரிந்தெடுக்க வேண்டும். பதவியைக் கொண்டு கொடையாளி என்ற பெயரை அமைச்சர் வாங்கிக்கொள்ளாதிருக்கவே இவ்விதி. நம்மூர்ப் பள்ளிவாசல் சுவரிலும் கோயில் மண்டபத்துத் தூணிலும் உபயம் இன்னார் என்று பொறித்திருப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இவ்விதியின் கூர்மை புரியும். அமெரிக்காவும் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காங்கிரஸ் உறுப்பினர் சொற்பொழிவுச் சன்மானம் பெறுவதைத் தடுக்கும் வழியில் இறங்கியது. பிரிட்டனில் ஜிபி நியூஸ் அலைவரிசையில் நிகழ்ச்சி நடத்திவந்த எஸ்தர் மெக்வே, 2023 நவம்பரில் அமைச்சரானபோது அப்பணியிலிருந்து விலகிவிட்டார்.

ஆகவே நம் முடிவைக் கூறிவிடலாம். பதவிக்கு முன் நடித்த படமோ பேசிய நிகழ்ச்சியோ மீண்டும் ஒளிபரப்பாகி வரும் பங்கு அமைச்சருக்கு உரியது. அது அவர் முன்பே விதைத்த விதை. தம் துறையைப் பற்றிப் பேச வானொலியோ தொலைக்காட்சியோ அழைத்தால், மறுப்பின்றிச் சென்று ஊதியமின்றிப் பேசவேண்டும். அந்தப் பேச்சுக்கு மக்கள் முன்பே சம்பளம் கொடுத்துவிட்டனர். துறைக்குத் தொடர்பற்ற கேளிக்கை நிகழ்ச்சியேயானாலும், பதவிக் காலத்தில் புதிதாக ஊதியம் பெற்றுத் தோன்றுதல் கூடாது. பழைய ஒப்பந்தம் முடியாதிருந்தால் எம்.ஜி.ஆர். செய்ததுபோல் முடித்துக் கொடுத்துவிட்டுப் பதவியேற்கட்டும். இவ்வளவையும் 1964-ஆம் ஆண்டு நெறிகளில் நான்கு வரிகளாகச் சேர்த்துவிட முடியும்.

அதுவரை வாக்காளர் கையில் ஒரு கருவி உண்டு. வேட்பாளர் தாக்கல் செய்யும் 26-ஆம் எண் படிவத்தில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாக, சொத்தோடு வருவாய் வரும் வழிகளையும் காட்டவேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறையே அது வெளிவருகிறது; எந்த நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்ற விவரமும் அதில் இராது. ஆயினும் ஓட்டப்பிடாரத்திலோ கோவில்பட்டியிலோ விளாத்திகுளத்திலோ வாக்குக் கேட்டு வருபவரிடம் அந்தத் தாளைக் காட்டி, பதவியிலிருந்த நாளில் ஒளிபரப்பு நிறுவனங்களிடமிருந்து பெற்றது என்ன என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.